வரிச்சேவல் ஏன் வெளிறித் தெரிகிறது: இலிங்க நிறமூர்த்தங்களின் அளவுக் கணக்கு

கறுப்பு இறகில் வெள்ளைக் குறுக்குவரி ஓடும் கோழிகளைத் திருகோணமலை மாவட்டத்தின் மூதூர், கிண்ணியாப் பக்கத்து வளவுகளில் இடைக்கிடை காணலாம். தூய வரியினத்துச் சேவலையும் பேட்டையும் அருகருகே நிற்க வைத்தால் சேவல் சாம்பல் பூத்ததுபோல் வெளிறியிருக்கும், பேடு கறுத்திருக்கும். தீனிக்கும் வெயிலுக்கும் இதில் பங்கில்லை. வரியை உண்டாக்கும் மரபணு, பறவையின் பாலைத் தீர்மானிக்கும் இலிங்க நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) ஒன்றான இசட்டில் இருக்கிறது. சேவலுக்கு இசட் இரண்டு, பேட்டுக்கு ஒன்றுதான், அதன் சோடி டபிள்யூ. இரண்டு பிரதி உள்ள சேவலின் இறகில் வெள்ளைப் பட்டை அகலமாகவும், ஒரு பிரதி உள்ள பேட்டின் இறகில் ஒடுக்கமாகவும் விழுகிறது. இதை வைத்தே குஞ்சு பொரித்த அன்று ஆண் பெண் பிரிப்பவர்களும் உண்டு. வரிப் பேட்டை வரியில்லாத சேவலோடு சேர்த்தால் வரி மரபணு ஆண் குஞ்சுக்கு மட்டுமே போகும். கறுத்த குஞ்சின் உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் அது சேவல்.

உயர்தர உயிரியல் படித்தவருக்கு இது கொஞ்சம் உறுத்த வேண்டும். மனிதரில் ஆணுக்கு எக்ஸ் ஒன்று, வை ஒன்று, பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, அதில் ஒன்று அணைக்கப்படுகிறது, ஆகவே ஆணும் பெண்ணும் சமம் என்றுதானே பாடத்தில் வருகிறது? பறவையில் இரட்டை இலிங்க நிறமூர்த்தம் ஆணுக்கு. அதில் ஒன்று அணைந்திருந்தால் வரிச்சேவல் ஒரே சீராக வெளிறாது. இறகுக்கு இறகு கலவையாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரிவதில்லை. கோழியில் ஆண் பெண் சமன் அரைகுறையாகத்தான் இருக்கிறது, கோழியினமோ செழிப்பாக இருக்கிறது. எனவே உயிரிகள் சமப்படுத்துவது ஆணையும் பெண்ணையுந்தானா என்ற கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தால் விடை வேறு பக்கம் போகிறது. ஒரு கலத்துக்குள் சேர்ந்து வேலை செய்யும் புரதங்களுக்கிடையிலான விகிதமே காக்கப்படுகிறது. ஆண் பெண் சமன் அதன் பக்கவிளைவு. சில இனங்களில் வாய்க்கும், சிலவற்றில் வாய்க்காது.

பாதி குறைந்தால் என்ன கெடும்

மனித எக்ஸ் நிறமூர்த்தத்தில் ஏறக்குறைய 15.5 கோடி டிஎன்ஏ எழுத்துகளும் 850 அளவில் புரதமாக்கும் மரபணுக்களும் இருக்கின்றன. வை நிறமூர்த்தத்தை முழுமையாக வாசித்து முடித்தது 2023இல்தான். 6.2 கோடி எழுத்துகள், மரபணுக்களோ மிகக் குறைவு. 17, 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இவை இரண்டும் ஒரு சாதாரண நிறமூர்த்தச் சோடி. ஆண்மையைத் தீர்மானிக்கும் மரபணு இவ்விரண்டில் ஒன்றில் ஏறியதும், அதைச் சுற்றிய பகுதியில் சோடிக்கிடையிலான துண்டு மாற்றம் நின்றுபோனது. துண்டு மாறாத நிறமூர்த்தத்தில் பழுதுகளைக் கழித்துவிட வழியில்லை, அவை சேர்ந்துகொண்டே போகும். வை ஒவ்வொரு மரபணுவாக இழந்தது. இழந்த ஒவ்வொன்றுக்கும் ஆணின் கலத்தில் எக்ஸ் பிரதி ஒன்று மட்டுமே மிஞ்சியது.

ஒரு பிரதி போதாதா? நொதியங்களில் பெரும்பாலும் போதும். பழுதான மரபணு ஒன்றைச் சுமப்பவர்கள் எத்தனையோ பேர் எந்த நோயும் இல்லாமல் வாழ்கிறார்கள். பல புரதங்கள் பொருந்திச் செய்யும் வேலையில்தான் பாதி உதைக்கும். கலத்தில் புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோமில் மட்டும், மனிதரில், 80 புரதங்கள். உப்புவெளிக் கரையில் கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள்: இரண்டு கயிற்றிலும் ஆள் குறைந்தால் வலை மெதுவாக வரும், அவ்வளவுதான், ஒரு கயிற்றில் மட்டும் பாதிப்பேர் விலகினால் மடி கோணி மீன் வெளியேறும். கலத்துக்குள்ளும் மொத்த அளவு குறைவதைவிடக் கூட்டாளிகளில் ஒருவர் மட்டும் குறைவதே கேடு. சோடி கிடைக்காத புரதம் மடியாமல் திரளும், அதை உடைத்து அகற்றவே கலம் சக்தியைச் செலவிட வேண்டிவரும்.

இதற்கு அப்பட்டமான சான்று 21ஆம் நிறமூர்த்தம். நமது நிறமூர்த்தங்களில் மிகச் சிறியது, புரதமாக்கும் மரபணுக்கள் இருநூற்றுச் சொச்சம். அது மூன்றாக இருந்தால் டவுன் நிலைமை. 13, 18 மூன்றாகப் பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலானவை ஓராண்டைத் தாண்டுவதில்லை. மற்றவை முழுமையாக மூன்றாக இருந்தால் கரு கலைந்துவிடும். ஆனால் 21ஐப்போல் நாலு மடங்கு மரபணுவைச் சுமக்கும் எக்ஸ் மூன்று கொண்ட பெண்களில் பலருக்கு அது வாழ்நாள் முழுக்கத் தெரியவராது. எக்ஸுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடைப்பதற்குத் தனி ஏற்பாடு ஒன்று இருந்தாக வேண்டும்.

அந்த ஏற்பாட்டில் இரண்டு கணக்கு உண்டு, பாடநூல்கள் அடிக்கடி இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. ஒன்று, ஒரு பிரதி எக்ஸுக்கும் இரு பிரதியாக இருக்கும் மற்ற நிறமூர்த்தங்களுக்கும் இடையிலானது. மற்றது ஆண் எக்ஸுக்கும் பெண் எக்ஸுக்கும் இடையிலானது. மரபியலாளர் சுசுமு ஓனோ 1967இல் இவற்றை ஒரே கோவையில் வைத்தார்: ஆணின் தட்டுப்பாட்டைத் தீர்க்க எக்ஸின் உற்பத்தி இரட்டிப்பானது, அது பெண்ணிலும் நடந்ததால் பெண்ணில் மிகை வந்தது, மிகையைக் கழிக்கப் பெண்ணில் ஒரு எக்ஸ் அணைக்கப்பட்டது. இதில் இரண்டாம் பாதி உறுதியானது. முதல் பாதியைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை, அதைப் பிறகு பார்ப்போம்.

பாலூட்டி: ஒன்றை அணைப்பது

1949இல் கனடாவில் மரே பாரும் இவர்ட் பெர்ட்ரமும் பூனையின் நரம்புக் கலங்களைத் தூண்டிக் களைப்படைய வைத்து மாற்றங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில பூனைகளின் நரம்புக் கலத்துக் கருவில் மட்டும் ஒரு கறுத்த பொட்டு. குறிப்பேட்டைப் புரட்டியபோது பொட்டு உள்ளவை எல்லாம் பெண். பத்தாண்டு கழித்து அது சுருண்டு இறுகிய ஒரு எக்ஸ்தான் என்று ஓனோ காட்டினார். 1961இல் மரபியலாளர் மேரி லயன், எலிகளின் உடல்நிறத் திட்டுகளிலிருந்து, முளையப் பருவத்தில் ஒவ்வொரு கலமும் இரண்டு எக்ஸில் ஒன்றைக் குருட்டுவாக்கில் அணைக்கிறது, அதன் வழிவரும் கலங்கள் எல்லாம் அதே தெரிவைக் கைக்கொள்கின்றன என்றார்.

திருகோணமலை மீன் சந்தையைச் சுற்றித் திரியும் பூனைகளில் கறுப்பும் செம்மஞ்சளும் கலந்தவை அனேகமாகப் பெண்ணாக இருப்பது இதனால்தான். செம்மஞ்சள் நிறத்துக்கான மாற்றம் எக்ஸில் இருக்கிறது. ஏஆர்எச்ஜிஏபி36 என்ற மரபணுவுக்கு அருகே ஏறக்குறைய 5,000 எழுத்துகள் விடுபட்டிருப்பதுதான் அந்த மாற்றம் என்பது 2025இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் உறுதியானது. மூன்றாம் நிறமான வெள்ளைக்கும் எக்ஸுக்கும் தொடர்பில்லை. நிறக்கலங்கள் தோலின் அந்தப் பகுதிக்குப் போய்ச் சேராததால் வருவது அது. ஆனால் வெள்ளை உள்ள பூனையில் செம்மஞ்சள், கறுப்புத் திட்டுகள் பெரிதாகவும் தெளிவாகவும் இருக்கும். குறைந்த எண்ணிக்கையில் போய்ச் சேர்ந்த நிறக்கலங்கள் ஒவ்வொன்றும் அதிக இடத்தை நிரப்புகின்றன அல்லவா? ஆண் பூனையில் இந்தக் கலவை வந்தால் அது பெரும்பாலும் எக்ஸ் எக்ஸ் வை, மலடாக இருக்கும்.

அணைக்கும் வேலையைத் தொடங்குவது எக்ஸிஸ்ட் என்ற மரபணு. 1991இல் கண்டறியப்பட்டது. இதிலிருந்து புரதம் வருவதில்லை, 17,000 முதல் 19,000 எழுத்து நீளமான ஆர்என்ஏ மட்டுமே வருகிறது. எந்த எக்ஸிலிருந்து பிறக்கிறதோ அதையே அது போர்த்திக்கொள்ளும். கலம் முழுக்க வெள்ளமாகப் பரவுவதில்லை, எலிக் கலத்தில் ஏறக்குறைய 50 இடங்களில்தான் குவிந்து நிற்கிறது. பிறகு நடப்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் ஸ்பென் என்ற புரதம் வந்து ஒட்டும், அது இழுத்துவரும் நொதியம், டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலிருந்து வாசிப்பைத் திறந்துவைக்கும் அசற்றைல் குறிகளைக் கழற்றும், மரபணுக்கள் வாயடைக்கும். அடுத்துப் பொலிகோம்ப் என்ற புரதத் தொகுதிகள் இரண்டு வெவ்வேறு தடைக் குறிகளை ஹிஸ்டோன்களில் பதிக்கும். கடைசியாக, சில நாள் கழித்து, மரபணுத் தொடக்கங்களில் டிஎன்ஏயிலேயே மெதைல் என்ற தடைக் குறி ஒட்டப்படும். இந்தக் கடைசிப் பூட்டு விழுந்த பிறகு எக்ஸிஸ்டை நீக்கினாலும் நிறமூர்த்தம் பெரும்பாலும் திறவாது. பரிசோதனைக் குழாயில் முளையக் கலங்களோடு வேலை செய்பவர்கள் இதில்தான் இடறுவார்கள். எக்ஸிஸ்டைப் பிந்தி ஓடவிட்டால் போர்வை விழும், மௌனம் வராது. கலம் வேறாகப் பிரியத் தொடங்கும் அந்தச் சில நாளே வாய்ப்பு.

மேலோட்டமாக எல்லாப் பாலூட்டிகளுக்கும் ஒரே முறை என்று எழுதிவிடுகிறார்கள். பிரட்றிக் கோட்டையில் நிற்கும் புள்ளிமானுக்கும் அதற்கு அப்பால் கடலில் போகும் நீலத்திமிங்கிலத்துக்கும் பொருந்தும்தான். கங்காருவுக்குப் பொருந்தாது. அங்கே குருட்டுத் தெரிவு இல்லை, எப்போதும் தந்தையின் எக்ஸ்தான் அணையும். எக்ஸிஸ்டும் இல்லை, அதன் இடத்தில் ஆர்எஸ்எக்ஸ் என்ற வேறொரு ஆர்என்ஏ இருப்பது 2012இல் தெரியவந்தது. எலியின் சூல்வித்தகத்திலும் தந்தையின் எக்ஸ்தான் அணைகிறது.

பொட்டை நீங்களே பார்ப்பது

மரே பார் கண்ட அந்தக் கறுத்த பொட்டைப் பார்க்கப் பாடசாலை ஆய்வுகூடம் போதும். வாயைக் கொப்பளித்த பின் கன்னத்தின் உட்புறத்தை மழுங்கிய மரத்துண்டால் சுரண்ட வேண்டும். முதல் சுரண்டலை எறிந்துவிடுங்கள். அதில் இறந்த மேற்கலங்களும் பற்றீரியாவுமே அதிகம். அதே இடத்தில் இரண்டாவது தடவை எடுத்ததை வழுக்கியில் மெல்லியதாகப் பூசி, காயுமுன்பே 95 சதவீத அற்ககோலில் அரை மணி நேரம் வைத்து, அசற்றோ ஓசீனாலோ கிரெசில் வயலற்றாலோ சாயமேற்றலாம். எண்ணெய் வில்லையில், 1,000 மடங்கில், கலக் கருவின் ஓரத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு மைக்ரோமீற்றர் அளவில் கறுப்பாகத் தெரிவதே பொட்டு. 100 கருக்களை எண்ண வேண்டும். பெண் மாதிரியில் 20 முதல் 50 வரை கிடைக்கும். எல்லாக் கருவிலும் தெரியாததற்குக் காரணம் பொட்டு இல்லாமை அல்ல. பொட்டு கருவின் மேலோ கீழோ இருந்தால் கண்ணுக்குப் படாது, ஓரத்தில் விழுந்தால்தான் எண்ண முடியும். ஆண் மாதிரியில் ஒன்றிரண்டைத் தாண்டாது, அவையும் மடிந்த கருச்சுவரோ கருமேல் படிந்த பற்றீரியாவோதான். பூச்சு காய்ந்த பிறகு அற்ககோலில் போட்டால் கரு முழுவதும் திட்டுத்திட்டாகச் சாயமேறி, எது பொட்டு என்று பிரிக்க முடியாமல் போகும்.

எக்ஸ் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்தால் பொட்டு எண்ணிக்கை. எக்ஸ் எக்ஸ் வை ஆணில் ஒன்று, எக்ஸ் ஒன்று மட்டுமே உள்ள பெண்ணில் இல்லை. ஆண்களில் 500 முதல் 1,000 பேருக்கு ஒருவர் எக்ஸ் எக்ஸ் வை. அனேகர் அதை அறியாமலே இருப்பவர்கள். எனவே வகுப்பில் இதைச் செய்யும்போது வழுக்கிகளுக்குப் பெயரிட வேண்டாம். ஒரு பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய இப்படியொரு செய்தி சக மாணவர் முன் தெரியவருவது நியாயமில்லை.

கணக்கு இவ்வளவு சுத்தமாக இருந்தால் எக்ஸ் ஒன்று மட்டும் உள்ள பெண்ணுக்கு எந்தக் குறையும் இருக்கக்கூடாதே? டேர்னர் நிலைமை எனப்படும் இதில் உயரம் குறைகிறது, சூலகம் வளர்வதில்லை, இதயக் குறைகள் வருகின்றன. அணைந்த எக்ஸ் முழுதாக அணையாததே விடை. மனிதரில் எக்ஸ் மரபணுக்களில் 15 சதவீதம் அளவு அணைந்த நிறமூர்த்தத்திலிருந்தும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும், இன்னொரு 10 சதவீதம் ஆளுக்கு ஆள் வேறுபடும். எலும்பு வளர்ச்சிக்கான ஷொக்ஸ் எக்ஸின் நுனியில், வையிலும் இணை உள்ள பகுதியில் இருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டிரண்டு வேண்டிய மரபணு அது. ஒன்றானால் உயரம் குறையும். எலியில் தப்புபவை மிகச் சில. அதனால்தான் ஒரே எக்ஸ் உள்ள எலி பெருமளவு சுகமாக, குட்டியும் போட்டுக்கொண்டு இருக்கிறது.

மலேரியா மருந்தும் அணைந்த எக்ஸும்

நமது மாவட்டத்தில் இந்த விஷயம் வைத்தியத்தைத் தொடும் இடம் ஒன்று உண்டு. இலங்கையில் உள்நாட்டுத் தொடர்பரவலாக வந்த கடைசி மலேரியா 2012இல். 2016இல் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது. வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் இன்னும் காணப்படுகிறது. வைவக்ஸ் வகையானால் ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியை ஒழிக்கப் பிறைமாகுயின் கொடுக்க வேண்டும். ஜீ6பீடி நொதியம் குறைந்தவர்களுக்கு அந்த மருந்து செங்குழியங்களை உடைத்துவிடும். அந்த நொதியத்தின் மரபணு எக்ஸில் இருக்கிறது.

ஆணில் கணக்கு நேர். குறை உண்டு அல்லது இல்லை. ஒரு எக்ஸில் மட்டும் குறையுள்ள பெண்ணிலோ குருதியில் இரண்டு வகைச் செங்குழியங்கள் ஓடுகின்றன, ஒரு வகையில் நொதியம் முழுதாக, மற்றதில் பற்றாமல். எர்னெஸ்ட் பியூட்லர் 1962இல் இதே நொதியத்தை வைத்தே மனிதப் பெண்ணில் இருவகைக் கலம் உண்டென்று நிறுவினார். வழக்கமான பட்டைச் சோதனைகள் ஒரு துளிக் குருதியின் மொத்த நொதியத்தைத்தான் பார்க்கின்றன, 30 சதவீதத்துக்குக் கீழிருந்தால் மட்டுமே குறை என்று காட்டும். குருட்டுத் தெரிவில் 40க்கு 60 என்று விழுந்த பெண்ணுக்குச் சோதனை ‘சரி’ என்று சொல்லும், ஆனால் அவர் குருதியில் ஒரு பெரும் பங்குச் செங்குழியம் மருந்துக்கு உடையக்கூடியது. இதே வேலைக்கு ஒரே வேளை கொடுக்கும் டஃபெனோகுயின் மருந்துக்கு நொதியம் 70 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்றும், அளவை எண்ணாகத் தரும் சோதனை வேண்டும் என்றும் விதித்திருப்பது இந்தப் பெண்களை மனதில் வைத்துத்தான். உடம்பை விட்டு வெளியேற நாளெடுக்கும் மருந்து அது. 14 நாள் பிறைமாகுயினையாவது செங்குழியம் உடைந்து சிறுநீர் கறுத்ததும் நிறுத்திவிடலாம்.

ஈ, புழு, நுளம்பு

பழ ஈ இதே தட்டுப்பாட்டுக்கு நேரெதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. பெண்ணில் எதையும் அணைப்பதில்லை, ஆணின் ஒற்றை எக்ஸை இரட்டிப்பாக ஓடவிடுகிறது. 1930களின் தொடக்கத்திலேயே ஹேர்மன் மலர் கண்ணின் நிறத்தை வைத்து இப்படி ஏதோ நடப்பதாக அனுமானித்தார். ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பி நிறமூர்த்தங்கள் பெருத்தவை, நுணுக்குக்காட்டியில் தனித்தனியாகத் தெரியும். 1965இல் முகர்ஜியும் பீர்மனும் கதிர்வீச்சுள்ள யூரிடினை ஊட்டி, ஆணின் ஒரு எக்ஸ் பெண்ணின் இரண்டு எக்ஸுக்கு நிகராக ஆர்என்ஏ செய்வதைக் கண்ணால் காட்டினார்கள்.

இதைச் செய்யும் தொகுதியில் ஐந்து புரதங்களும் ரோக்ஸ் எனப்படும் இரண்டு ஆர்என்ஏக்களும் உண்டு. எக்ஸில் சில நூறு நுழைவிடங்களில் இறங்கி அயலுக்குப் பரவி, எச்4 ஹிஸ்டோனின் 16ஆவது லைசினில் அசற்றைல் ஒட்டும். கட்டு தளரும், வாசிப்பு கூடும். முழு ஏற்பாட்டின் ஆளி எம்எஸ்எல்2 என்ற ஒரே புரதம். பெண்ணில் எஸ்எக்ஸ்எல் என்ற புரதம் எம்எஸ்எல்2இன் தூது ஆர்என்ஏயின் (புரதம் செய்வதற்கான செய்தியின்) இரு முனையையும் பிடித்து மொழிபெயர்ப்பைத் தடுத்துவிடுகிறது. ஐந்தில் எது பழுதானாலும் பெண் ஈக்கு ஒன்றுமில்லை, ஆண் கூட்டுப்புழுப் பருவத்தைத் தாண்டாது.

சிறு வட்டப்புழுவான சீ. எலிகன்ஸ் மூன்றாவது வழியில் போகிறது. எக்ஸ் இரண்டு உள்ள இருபாலியில் இரண்டு எக்ஸுமே பாதியாகக் குறைக்கப்படுகின்றன. குறைக்கும் கருவி, கலப்பிரிவில் நிறமூர்த்தங்களைச் சுருட்டும் கொண்டென்சினின் திருத்திய வடிவம். வேறு வேலைக்கு இருந்த கருவியைத் தூக்கி வந்து பொருத்தியிருக்கிறது. கூர்ப்பு எங்கும் இதைத்தான் செய்திருக்கிறது. கையில் அகப்பட்டதால் ஒட்டுப்போட்டிருக்கிறது.

அனோபிலிஸ் நுளம்பும் ஆண் எக்ஸை உயர்த்துகிறது, ஆனால் ஈயின் கருவியைக் கொண்டல்ல. 2023இல் அறியப்பட்ட எஸ்ஓஏ என்ற புரதம் எக்ஸ் மரபணுக்களின் தொடக்கத்தில் அமர்ந்து வேலையைச் செய்கிறது. அதை நீக்கிய ஆண் நுளம்பு சாவதில்லை, வளர்ச்சிதான் பிந்துகிறது. இதே பழுது ஈயில் மரணம். இலங்கையில் முதன்முதலாக மன்னாரில் கண்டு 2017இல் பதிவான அனோபிலிஸ் ஸ்டீபன்சியில் வையிலுள்ள கை1 என்ற மரபணுவைப் பெண்ணுக்குள் செலுத்தினால், இரண்டு எக்ஸும் எகிறிப் பெண் முட்டைப்புழுவிலேயே இறந்துவிடுகிறது. கடிப்பது பெண் மட்டுமே என்பதால், ஆணை மட்டும் மிஞ்சவிடும் இந்த வழியில் மலேரியா ஆய்வாளர்களுக்குக் கண். டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்தியில் இது பலிக்காது. அதன் ஆண்மைப் பகுதி சிறியது, நிறமூர்த்தச் சோடி பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஈடுசெய்ய அங்கே பெரிதாக எதுவும் குறையவில்லை.

இந்தக் கடைசிக் குறிப்பைக் கவனிக்க வேண்டும். வை அல்லது டபிள்யூ தேயாத இடத்தில் பிரச்சினையே எழுவதில்லை. நமது குளங்களுக்கு 1952இல் முதன்முதலாக வந்த திலாப்பியாக் கூட்டத்தைச் சேர்ந்த நைல் திலாப்பியாவில் வை இரண்டு உள்ள ஆண் நலமாக வாழும், அதைக் கொண்டே ஆண் குஞ்சு மட்டும் பெறுகிறார்கள். நன்னீர்ப் பெரிய இறாலில் டபிள்யூ இரண்டு உள்ள பெண்ணும் வாழும். வை மட்டுமுள்ள மனிதக் கருவுக்கு அது நினைக்கவும் முடியாதது. புறாத் தீவின் பவளத்தில் அனிமனிக்குள் வாழும் கோமாளி மீன் ஆணாகத் தொடங்கிப் பிறகு பெண்ணாகும். கடலாமையிலும் முதலையிலும் பாலைத் தீர்மானிப்பது மணலின் சூடு. இவற்றுக்கு இலிங்க நிறமூர்த்தமே கிடையாது.

மறுபடி பறவை

கோழியின் இசட்டில் ஆயிரம் அளவில் மரபணுக்கள் உண்டு. சேவலில் அவை இரட்டிப்பாக ஓடுவதில்லை, சராசரியாகப் பேட்டைவிட 1.3 முதல் 1.5 மடங்கு ஓடுகின்றன. 2007இல் இது வெளிவந்தபோது பலர் பறவைக்கு ஈடுசெய்யும் ஏற்பாடே இல்லை என்று முடிவுகட்டினார்கள். சராசரியை மட்டும் பார்த்ததன் விளைவு அது. மரபணு மரபணுவாகப் பிரித்தால் சில கிட்டத்தட்டச் சமம், சில முழு இரட்டிப்பு. சமமாக இருப்பவற்றில் பெரும் பகுதி, அளவு பிசகினால் கெடும் வகை: கூட்டுத் தொகுதிகளின் உறுப்புகள், வளர்ச்சியை வழிநடத்துபவை. டிஎம்ஆர்டி1 போன்றவை இரட்டிப்பாகவே இருக்க வேண்டும், ஏனெனில் அதன் இரண்டு பிரதிதான் சேவலின் விதையை உருவாக்குகிறது. இசட் முழுவதையும் ஒரே போர்வையால் மூடியிருந்தால் பறவையில் ஆண் பிறந்திருக்காது.

மரபணுவாரியாக யார் பிடித்து நிறுத்துகிறார்கள்? 2025இல் வெளியான ஆய்வொன்று, புரதமாகாத மிகச் சிறிய ஆர்என்ஏயான ஒரு நுண் ஆர்என்ஏயைச் சுட்டியது. எம்ஐஆர்-2954 என்ற அது இசட்டிலேயே இருக்கிறது, ஆணில்தான் மிகுதியாக வெளிப்படுகிறது, இசட்டின் அளவுணர்வுள்ள மரபணுக்களின் தூது ஆர்என்ஏக்களைத் தேடிக் குறைக்கிறது. அதை வெட்டி நீக்கினால் பேட்டுக்குஞ்சு வழமைபோல் பொரிக்கிறது, ஆண் முளையம் முட்டைக்குள்ளேயே இறக்கிறது. ஓனோ பாலூட்டிக்குச் சொன்ன கதையின் இரண்டு படியும் இங்கே தெரிகின்றன: பேட்டின் தட்டுப்பாட்டுக்காக உற்பத்தி உயர்ந்தது, சேவலில் வந்த மிகையை நுண் ஆர்என்ஏ வெட்டுகிறது. ஆனால் தேவையான மரபணுக்களில் மட்டும். வரி மரபணு அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது போலும்.

பட்டுப்பூச்சியும் இசட்-டபிள்யூ இனந்தான். அங்கே மாஸ்க் என்ற ஒரே மரபணு ஆண்மையையும் தீர்மானித்து இசட்டின் ஓட்டத்தையும் அடக்குகிறது. அதைத் தடுத்தால் ஆண் முளையங்கள் மிகையால் மடியும். சில அந்துப்பூச்சிகளில் வொல்பாக்கியா பற்றீரியா இந்த இடத்தையே அடித்து ஆண்களைக் கொல்கிறது.

அளக்கும்போது பிசகும் இடங்கள்

எக்ஸ் இரட்டிப்பானதா என்ற வாதம் இழுபடுவதற்குப் பாதிக் காரணம் அளவீடு. 2010இல் ஒரு குழு ஆர்என்ஏ வரிசைப்படுத்தல் தரவை வைத்து மற்ற நிறமூர்த்தங்களோடு ஒப்பிட எக்ஸின் விகிதம் 0.5தான், ஓனோ சொன்னது பிழை என்றது. அடுத்த ஆண்டே வேறு குழுக்கள் அதே வகைத் தரவில் 1ஐ ஒட்டிய எண்ணை எடுத்தன. வேறுபாடு வடிகட்டலில் இருந்தது. எக்ஸில் விதைக்குள் மட்டும் பேசும் மரபணுக்கள் அதிகம். ஈரலில் அவை மௌனம். மௌனமானவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் எக்ஸ் இளைத்துத் தெரியும், நீக்கினால் நிமிரும். 2012இல் இரு குழுக்கள் கேள்வியையே மாற்றின. பெரிய புரதத் தொகுதிகளைச் சேர்ந்த எக்ஸ் மரபணுக்கள்தான் உயர்ந்திருக்கின்றன, மற்றவை பெரும்பாலும் பாதியிலேயே இருந்துவிட்டன. பறவையில் கண்டதும் இதே போக்குத்தான்.

நாட்டுக்கோழியிலோ உடும்பிலோ இதை அளக்க நினைக்கும் மாணவர் சிலதை முதலிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். ஆண் பெண் இரண்டிலும் குறைந்தது நாலு விலங்கு, ஒரே வயது, ஒரே இழையம். சூலகத்தையும் விதையையும் மற்ற உறுப்புகளோடு கலக்க வேண்டாம், அவை எப்போதும் விகிதத்தைக் கோணவைக்கும். திருகோணமலைச் சூட்டில் ஆர்என்ஏ நிமிடக் கணக்கில் உடையத் தொடங்கும். இழையத்தை 5 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்காமல் வெட்டி, ஆர்என்ஏ காக்கும் கரைசலில் குறைந்தது ஐந்து மடங்கு கனவளவில் அமிழ்த்தி, ஓர் இரவு 4 பாகையில் வைத்து, பிறகு உறையவிட வேண்டும். தடித்த துண்டின் நடுப்பகுதிக்குக் கரைசல் ஊறாது, உடைந்த ஆர்என்ஏ நீண்ட மரபணுக்களைக் குறைத்துக் காட்டும். பறவையின் செங்குழியத்துக்குக் கரு உண்டென்பதால் குருதி கலந்த ஈரல், ஈரலும் குருதியும் கலந்த விகிதத்தையே தரும், கழுவி எடுங்கள். பாலூட்டியானால் பெண் மாதிரியை வாசிக்கும்போது, ஒப்பிடப் பயன்படும் ஆதார டிஎன்ஏ வரிசையில் வையை மறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எக்ஸின் இணைப் பகுதி வாசிப்புகள் இல்லாத வைக்குப் போய்ச் சேரும். கடைசியில், சராசரியை எடுக்காமல் இடையத்தை எடுங்கள், ஒரே ஒரு உரத்த மரபணு சராசரியை இழுத்துவிடும். ஒரு மரபணுவைக் கணக்கில் சேர்ப்பதற்கான குறைந்தபட்ச வாசிப்பு வரம்பை 0, 1, 5 என்று மூன்றிலாவது மாற்றி விகிதம் நகர்கிறதா என்று பார்த்து, மூன்று எண்ணையும் அட்டவணையில் போடுங்கள். ஆண்-பெண் விகிதத்தை ஒரு நிரலிலும், அதே விலங்குக்குள் இலிங்க நிறமூர்த்தத்துக்கும் மற்றவற்றுக்கும் உள்ள விகிதத்தை வேறொரு நிரலிலும் எழுத வேண்டும். இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடைகள்.